ஒரே மரத்தடியில் அந்துப்பூச்சியும் காளானும்: ஒப்பிட்டுப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயற்கையைக் கவனிக்கத் தொடங்கும்போது நாம் பெரும்பாலும் சொந்தக்காரர்களைத்தான் ஒப்பிடுவோம். இந்தக் குருவிக்கும் அந்தக் குருவிக்கும் என்ன வித்தியாசம், இந்தப் பட்டாம்பூச்சியின் புள்ளி எங்கே, அதன் புள்ளி எங்கே என்று பார்ப்போம். அடையாளம் காண அது உதவும். ஆனால் ஓர் உயிர் எப்படி வாழ்கிறது என்று புரிய வேண்டுமானால், சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அந்துப்பூச்சியையும் ஒரு காட்டுக் காளானையும் நான் அப்படி வைத்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள் எனக்கு இரண்டைப் பற்றியும் கற்றுத்தந்தது அதிகம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், ஜோடியைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்ட ஏதோ ஒரு பூச்சி, ஏதோ ஒரு காளான் என்று எடுத்தால் ஒப்பீடு பாதியிலேயே நின்றுவிடும். இரண்டையும் இணைக்கும் ஒரு கயிறு இருக்க வேண்டும். ஒரே மரம், ஒரே மண், ஒரே பருவம் என்று ஏதாவது ஒன்று போதும்.

என்னுடைய ஜோடிக்குக் கயிறு பிர்ச் மரம். வெள்ளைப் பட்டை உரியும், வட அரைக்கோளத்தின் குளிர்ந்த பகுதிகளில் வளரும் மரம் அது. அதன் இலையைத் தின்று வளர்வது பெப்பர்டு மாத் எனப்படும் அந்துப்பூச்சி. வெள்ளை இறக்கையில் மிளகைப் பொடித்துத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருப்பதால் அந்தப் பெயர். அதே மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்வது ஃப்ளை அகாரிக் காளான். குழந்தைகள் காளான் வரையச் சொன்னால் வரையும் அந்தச் சிவப்புக் குடையும் வெள்ளைப் பொட்டும் கொண்ட காளான்தான் இது. பூச்சி ஒரே மரத்தையே கட்டிக்கொண்டு வாழ்வதில்லை. வில்லோ, ஓக் இலைகளையும் தின்னும். காளானும் பைன், ஸ்புரூஸ் வேர்களோடும் சேரும். ஆனாலும் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் பிர்ச் தோப்புதான்.

உங்கள் பக்கத்தில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் வேறு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். வழிமுறை மாறாது.

பெயரை எழுதுங்கள், பெயரின் கதையையும் எழுதுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தில் பூச்சி, எதிர்ப்பக்கத்தில் காளான். மேலே அறிவியல் பெயர். பூச்சிக்கு பிஸ்டன் பெட்டுலேரியா, காளானுக்கு அமானிடா மஸ்கேரியா. பெட்டுலா என்றால் பிர்ச் மரம். மஸ்கா என்றால் ஈ. காளான் குடையைப் பிய்த்துப் பாலில் போட்டு ஈக்களைக் கொல்லும் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

இரண்டையும் முறையாகப் பெயரிட்டுப் பதிவு செய்தவர் ஒருவரே, சுவீடனின் லின்னேயஸ். காளானை 1753-லும் பூச்சியை 1758-லும் பதிந்தார். இதில் கவனிக்க வேண்டியது, காளானை அவர் சேர்த்தது தாவரங்களுக்கான புத்தகத்தில். நடக்காது, ஓடாது, மண்ணிலிருந்து முளைக்கிறது. அன்றைக்கு அதைச் செடி என்று நினைத்ததில் வியப்பில்லை. பூஞ்சைகளைத் தனி உலகமாகப் பிரித்து, உயிர்களை ஐந்து உலகங்களாக வகுத்த வகைப்பாட்டை விட்டேக்கர் என்ற ஆய்வாளர் வெளியிட்டது 1969-ல்தான்.

இன்றைக்கு நமக்குத் தெரிந்தபடி, இந்தக் காளான் பிர்ச் மரத்தைவிட அந்துப்பூச்சிக்குத்தான் நெருங்கிய உறவு. பூச்சியின் மேலோட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் காளானின் செல்சுவரிலும் இருக்கிறது. மரம் தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைக்கும்; விலங்குகளும் பூஞ்சைகளும் கிளைகோஜனாக வைக்கும். இந்த ஒரு பத்தியை நோட்டில் எழுதிவிட்டுத் தோப்புக்குள் போனால், பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

அந்துப்பூச்சியை இரவில் பாருங்கள்

பிரிட்டன் போன்ற இடங்களில் இந்தப் பூச்சி மே முதல் ஆகஸ்ட் வரை பறக்கும். காற்றில்லாத, மேகமூட்டமான, கொஞ்சம் வெதுவெதுப்பான இரவு நல்லது. நிலா வெளிச்சம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். துணியின் அடிப்பாகம் தரையிலும் கொஞ்சம் விரிந்து கிடக்கட்டும். பல பூச்சிகள் கீழேதான் வந்து உட்காரும். துணிக்கு முன்னால் புற ஊதாக் கதிர் வரும் விளக்கு ஒன்று. அந்த விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

விளக்கைத் தேடி வரும் விட்டில் என்று சொல்கிறோமே, உண்மையில் அது வெளிச்சத்தை விரும்பி வருவதில்லை போலிருக்கிறது. 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கமே வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்புவதால் விளக்கைச் சுற்றியே மாட்டிக்கொள்கின்றன என்று வேகப் படப்பிடிப்பின் மூலம் காட்டியது. அதனால்தான் சொல்கிறேன், பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால் காலையில் பறவைகள் வரிசையாக வந்து பொறுக்கும்.

துணியில் வந்து உட்காரும் பெப்பர்டு மாத் பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும். உணர்கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு இருபுறமும் சீப்புப் பல் போல, இறகு போல விரிந்திருக்கும். பெண்ணுக்கு வெறும் நூல். பெண் காற்றில் விடும் மணத்தை ஆண் தொலைவிலிருந்து பிடிப்பதற்கான கருவி அது. அப்புறம் இறக்கை. விரித்தால் 4.5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும், உட்காரும்போது பட்டையோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். உடம்பு தடித்து, ரோமம் மூடி இருக்கும். வாயை மட்டும் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள், வளர்ந்த பூச்சி எதையும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கையிருப்பில்தான் அதன் சில நாள் வாழ்க்கை ஓடுகிறது. இதை நோட்டில் தனியாகக் கட்டம் கட்டி எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகலில் தேடுவதானால் அடிமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மைக்கேல் மஜேரஸ் என்ற ஆய்வாளர் மரமேறிப் பார்த்து எழுதிய கணக்கில், பாதிக்கு மேற்பட்ட பூச்சிகள் பக்கக் கிளைகளில்தான் ஓய்வெடுத்தன.

காளானைக் குனிந்து, அடியிலிருந்து பாருங்கள்

ஃப்ளை அகாரிக் கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வரும். இதற்கு விளக்கும் வேண்டாம், துணியும் வேண்டாம். முழங்கால் போட்டு உட்காரத் தயாராக இருந்தால் போதும்.

மேலிருந்து பார்த்தால் குடை 8 முதல் 20 செ.மீ. அகலம். வெள்ளைப் பொட்டுகளை விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், சில பெயர்ந்து வரும். அது குடையின் நிறம் கிடையாது, ஒட்டியிருக்கும் துணுக்கு. இளம் காளான் முட்டை போல ஒரு வெள்ளை உறைக்குள் இருக்கிறது. குடை விரியும்போது உறை கிழிந்து துண்டு துண்டாக மேலே ஒட்டிக்கொள்கிறது. பலத்த மழை பெய்தால் பொட்டுகள் கழுவிப் போய்விடும், சிவப்பும் வெளுத்து ஆரஞ்சாகிவிடும். படத்தை வைத்து அடையாளம் காண்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முட்டைப் பருவத்தில் ஒன்று கிடைத்தால் நட்டநடுவே நெடுக்குவாட்டில் அறுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு முழுக் காளான் மடங்கிப் படுத்திருக்கும். குடை, குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள், தண்டு எல்லாம் சின்ன அளவில் தயாராக இருக்கும். வெள்ளை உறைக்கு அடியில், சிவப்பாக மாறப்போகும் மஞ்சள் நிறக் கோடு ஒன்று வளைந்து ஓடும். கூட்டுப்புழுவுக்குள் இறக்கை மடிந்திருப்பது நினைவுக்கு வந்தால் வரட்டும், ஆனால் அதை உடனே ஒப்பீடாக எழுதிவிட வேண்டாம். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

அப்புறம் வித்துப் பதிவு. காளான் இனம் பெருக்க, விதை போலச் செவுளிலிருந்து உதிர்க்கும் நுண்ணிய தூள்தான் வித்து. தண்டை வெட்டிவிட்டு, குடையைச் செவுள் பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தின் மேல் வையுங்கள். மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காகிதத்தின் ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வெள்ளையாகவும் இருக்கட்டும். முதல்முறை நான் வெறும் வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். காலையில் ஒன்றுமே தெரியவில்லை, காளான் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட்டேன். இந்தக் காளானின் வித்துத்தூள் வெள்ளை நிறம். கறுப்புக் காகிதத்தில் வைத்த அடுத்த காளான், சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கோடு கோடாக ஒரு படத்தை வரைந்து வைத்திருந்தது. கோடுகள் செவுள்களுக்கு இடையே உள்ள சந்துகள். ஒவ்வொரு வித்தும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம்தான்.

ஒன்று கண்டிப்பாக. தொடலாம், கையைக் கழுவிக்கொள்ளலாம். வாயில் வைக்கவே கூடாது. இதில் இருக்கும் ஐபோட்டெனிக் அமிலமும் மஸ்சிமாலும் மூளையைப் பாதிக்கும். இதே அமானிடா இனத்தில்தான் உலகில் காளானால் நேரும் மரணங்களில் பெரும்பங்குக்குக் காரணமான டெத் கேப் காளானும் இருக்கிறது. வெட்டிப் பார்த்த கத்தியும் கிண்ணமும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பருவத்துக்குப் பருவம் சரியாகப் பொருத்துங்கள்

ஒப்பீட்டின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. புதியவர்கள் தவறுவதும் இங்கேதான். பூச்சிக்கு நான்கு பருவம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, இறக்கையுள்ள பூச்சி. காளானுக்கு வித்து, மண்ணுக்குள் பரவும் நூல் போன்ற இழை, பிறகு காளான். பார்த்ததும் முட்டையையும் வித்தையும் ஜோடி சேர்க்கத் தோன்றும். இரண்டும் சின்னது, இரண்டிலிருந்தும் புது உயிர் வருகிறது. ஆனால் அது பொருந்தாது.

பூச்சியின் முட்டை, ஆணும் பெண்ணும் கூடிய பிறகு வருவது. அதற்குள் இரு பெற்றோரின் மரபுப்பொருளும் சேர்ந்துவிட்டது. காளானின் வித்தில் இருப்பது பாதிதான். அது முளைத்து, இழையாக நீண்டு, மண்ணுக்குள் தனக்குப் பொருத்தமான இன்னொரு வித்தின் இழையைச் சந்திக்க வேண்டும். சந்தித்து இணைந்த பிறகும் இரண்டு உட்கருக்களும் உடனே கலப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டும் ஒன்றாகக் குடியிருந்து, சேர்ந்தே பெருகிக்கொண்டு போகின்றன. எத்தனையோ பருவம் கழித்து, சிவப்புக் குடையின் அடியில், செவுளின் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய செல்களில்தான் அவை கலக்கின்றன. கலந்த கையோடு பிரிந்து, செல்லுக்கு நான்கு வித்துகளாக வெளியேறுகின்றன.

ஆகவே உருவத்தைப் பார்த்துப் பொருத்தாதீர்கள். அந்தப் பருவம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பொருத்துங்கள். நான் மூன்று கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

யார் சாப்பிடுகிறார்கள்? பூச்சியில் புழு, காளானில் மண்ணுக்குள் இருக்கும் இழை. புழு இலையைக் கடித்து எடுத்துக்கொள்கிறது, மரத்துக்குத் திருப்பித் தருவது எதுவும் இல்லை. இழை வேரின் நுனியை உறை போலப் போர்த்திக்கொண்டு மரத்திடம் சர்க்கரை வாங்குகிறது. பதிலுக்கு மண்ணிலிருந்து நீரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளும் கொண்டுவந்து தருகிறது. ஒரே மரத்தின் இரண்டு முனைகளில் நடக்கும் இரண்டு விதமான கணக்கு. ஒன்று எடுப்பு, மற்றது கொடுக்கல் வாங்கல்.

யார் காற்றில் பயணம் போகிறார்கள்? காளானில் வித்து. பூச்சியில் என்று கேட்டால் பெரிய பூச்சிதான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அதுவும் பறக்கிறது, உண்மைதான். ஆனால் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த புழு ஒரு மெல்லிய நூலை விட்டுத் தொங்கி, காற்று தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்குப் போகிறது. எங்கே இறங்கும் என்று அதற்கும் தெரியாது, வித்துக்கும் தெரியாது. தின்ன முடியாத மரத்தில் இறங்கிய புழுவும், வேர் இல்லாத இடத்தில் விழுந்த வித்தும் பிழைப்பது கடினம். அதற்கு ஈடாகத்தான் பெண் பூச்சி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, காளான் கோடிக்கணக்கில் வித்து விடுகிறது.

யார் அடுத்த தலைமுறைக்காக மட்டும் வெளியே வருகிறார்கள்? இறக்கையுள்ள பூச்சி, சிவப்புக் குடை. கட்டம் கட்டி எழுதச் சொன்னேனே, இங்கேதான் அது உதவும். பூச்சி சாப்பிடுவதில்லை. குடையும் தானாக எதையும் சம்பாதிப்பதில்லை, இழை அனுப்புவதை வைத்து நிற்கிறது. நாம் படம் பிடித்து, பெயர் வைத்து, புத்தக அட்டையில் போடும் இரண்டு உருவங்களும் அந்த உயிர்களின் கடைசிச் சில நாள் வேலைக்கான உருவங்கள். வாழ்க்கையின் பெரும்பகுதி இலைக்குப் பின்னாலும் மண்ணுக்கு அடியிலும் கழிந்துவிடுகிறது. இது பிடிபட்ட பிறகு எனக்குப் புழுவையும் இழையையும் தேடாமல் இருக்க முடிவதில்லை.

புழுவைத் தேடுவதும் நல்ல பயிற்சி. வளர்ந்த புழு ஏறக்குறைய ஒரு விரல் நீளம். சாண் போட்டு அளப்பது போல முதுகை வளைத்து வளைத்து நடக்கும். ஆபத்து என்றால் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு குச்சி போல விறைத்து நிற்கும்; தலையில் ஒரு பிளவு, மொட்டு போலவே தெரியும். கிளையின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். 2019-ல் வந்த ஆய்வில், கண்களைப் பெயிண்ட் பூசி மறைத்த புழுக்களும் கிளையின் நிறத்துக்கு மாறின. தோலாலேயே நிறத்தை உணர்கின்றன.

இழையைப் பார்க்க, காளான் இருக்கும் இடத்தில் மேலே கிடக்கும் இலைக்குப்பையை மட்டும் மெல்ல விலக்குங்கள். வெள்ளை நூல்கள் தெரியும். அவை இந்தக் காளானுடையவைதான் என்று வெறும் கண்ணால் உறுதி சொல்ல முடியாது, ஆகவே நோட்டில் "இழை தெரிந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்ததும் குப்பையைத் திரும்ப மூடிவிடுங்கள்.

"ஒன்று" என்று எதை எண்ணுவது?

துணியில் ஏழு பூச்சி என்றால் ஏழு உயிர். மரத்தடியில் ஏழு சிவப்புக் குடை என்றால் ஏழு உயிர் என்று எழுத முடியாது. ஒரே இழைவலை ஏழு குடைகளையும் அனுப்பியிருக்கலாம். எனவே காளான் பக்கத்தில் "7 காளான், ஒரே மரத்தைச் சுற்றி, இத்தனை அடி தூரத்துக்குள்" என்று எழுதுங்கள். எண்ணிக்கையை இரண்டு பக்கத்திலும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

நிறத்தைப் பற்றிப் பொறுமையாக எழுதுங்கள்

ஒன்று ஒளிகிறது, மற்றது பளிச்சென்று நிற்கிறது. எழுத ஆசையாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஆதாரத்தின் எடை ஒன்றாக இல்லை.

பூச்சியின் நிறத்துக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. மான்செஸ்டரில் 1848-ல் ஒரு கறுப்புப் பூச்சி பதிவானது. தொழிற்சாலைப் புகையால் மரப்பட்டை கறுத்து, பட்டையில் வெளிறிய படையாகப் படரும் லைக்கன்கள் மடிந்தன. கறுத்த பட்டையில் கறுப்புப் பூச்சி பறவைகளின் கண்ணுக்குத் தப்பியது. 1895 வாக்கில் அந்த நகரத்துப் பூச்சிகளில் ஏறத்தாழ 98 சதவீதம் கறுப்பு. 1956-ல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்த பிறகு, வெள்ளைப் பூச்சி திரும்பப் பெருகியது. இதைச் சோதிக்க 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளில் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். மஜேரஸ் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைத் தோட்டத்தில் விட்டுக் கவனித்து, நிறம் பொருந்தாதவற்றைப் பறவைகள் அதிகம் பிடிப்பதை உறுதிப்படுத்தினார். அவர் மறைந்த பிறகு 2012-ல் அந்த முடிவுகள் வெளியாயின. கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் 2016-ல் கண்டுபிடித்தார்கள். குதித்து இடம் மாறும் ஒரு மரபுத் துண்டு, கார்டெக்ஸ் என்ற மரபணுவில் போய் ஒட்டிக்கொண்டதுதான் அது.

காளானின் சிவப்பு? விஷத்தை எச்சரிக்கும் நிறம் என்று பலர் சாதாரணமாகச் சொல்வார்கள். பூச்சிக்கு இருப்பது போன்ற ஆதாரம் இதற்குக் கிடையாது. டெத் கேப் மங்கிய பச்சை நிறம், அதன் விஷம் இதைவிடப் பல மடங்கு கொடியது. சிவப்பு என்றால் விஷம், மங்கலென்றால் நல்லது என்ற கணக்கு உயிரைப் பறிக்கும். ஆகவே பூச்சிப் பக்கத்தில் "ஒளிய உதவும் நிறம்" என்று தைரியமாக எழுதுங்கள். காளான் பக்கத்தில் நிறத்தை மட்டும் எழுதி, காரணத்துக்கான இடத்தைக் காலியாக விடுங்கள்.

கடைசியாக, இரண்டையும் ஒரே காலண்டரில் குறியுங்கள்

நோட்டின் பின் அட்டையில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, மேல் வரியில் பூச்சியையும் கீழ் வரியில் காளானையும் குறித்து வாருங்கள். இரண்டு வரியும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கடப்பது தெரியும். இலையுதிர் காலத்தில் புழு தின்று முடித்து மரத்தை விட்டு இறங்கி, குளிர்காலத்தைக் கூட்டுப்புழுவாகக் கழிக்க மண்ணுக்குள் போகிறது. கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான் அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு சிவப்புக் குடை மேலே வருகிறது. அப்படி ஒரு நாளில் தோப்பில் இருக்க முடிந்தால், குடையைச் சுற்றி ஓரடி வட்டத்தில் காலை வைக்காமல் நடங்கள். உள்ளே கூட்டுப்புழுவும் இருக்கலாம்.